தம்பி சம்சாரமும் தண்ணீர்த் தொட்டியும்

நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை வருடத்துக்கு ஒரு முறை அரசாங்கத்திடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வூதியக்காரர்களுக்கு அப்படியொரு ஏற்பாடு. இந்த வருடம் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில், திண்டுக்கல்லில் நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, முந்தின நாள் போய்வந்த ஒரு வகுப்பைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொந்தக்காரங்க எடுத்த வேலைய நாம மேற்பார்வை பாக்கக் கூடாதாம் மேடம். அதச் சொல்றதுக்கு ஒரு நாள் பூராம் கிளாஸ்," என்றாள் ஒரு பெண். "இப்பத்தான் டெண்டர் எல்லாம் ஆன்லைன் ஆயிருச்சே. யாரு யாருக்குச் சொந்தம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியவா போகுது?"

"அதான்த்தா சிக்கலே," என்றேன். "கம்ப்யூட்டரு கெடா வெட்டுக்கு வராது. நாம போவோம்."

சிரித்தார்கள். புரிந்து சிரித்தார்களா, வயதானவள் ஏதோ சொல்கிறாள் என்று சிரித்தார்களா, தெரியவில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பிலோமினா. குடிநீர்ப் பணிகளில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவள். படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உத்தரம் எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு வளையும் என்று கல்லூரியில் கற்றுக்கொடுத்தார்கள். மனுசன் எவ்வளவுக்கு வளைவான் என்பதைத் தளத்தில் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். முதல் சில வருடங்கள் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளங்களின் ஓரமாகவே நடந்து கழிந்தன. ஒப்பந்தக்காரர்கள் முதலில் என்னைப் 'பாப்பா' என்றார்கள். ஒரு வேலையைப் பெயர்த்து மறுபடி செய்யச் சொன்ன பிறகு 'மேடம்' என்றார்கள். அந்தப் பதவி உயர்வுக்கு ஆணை எதுவும் வரவில்லை.

எனக்குச் செயற்பொறியாளராக வாய்த்தவர் கோமதிநாயகம் சார். திருநெல்வேலிக்காரர். மெலிந்த உருவம், கையில் சின்னச் சுத்தியல், தோளில் காப்பி பிளாஸ்க். தளத்தில் ஒப்பந்தக்காரர் எதை நீட்டினாலும் தொட மாட்டார். இளநீரைக்கூட, "வெட்டியாச்சா? அப்ப கொத்தனாருக்குக் குடுங்க," என்பார். சத்தம் போட்டு ஒருவரைத் திட்டி நான் பார்த்ததில்லை. வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிவிடுவார். சரியில்லையென்றால் செத்த நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்கு," என்பார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் இடிக்கப்போகிறார் என்று அர்த்தம். பழைய ஒப்பந்தக்காரர்களுக்கு இது தெரியும். தளத்துக்கு அவர் வந்து போன பிறகு, "அழகுன்னு ஏதும் சொன்னாரா?" என்று மேஸ்திரியிடம் போனில் கேட்பார்கள்.

ஒரு முறை வேடசந்தூர் பக்கம் ஒரு தளத்துக்கு அவரோடு போயிருந்தேன். கான்கிரீட் போடும்போது அதே கலவையில் கொஞ்சம் அள்ளி, இரும்பு அச்சில் நிரப்பி, சதுரக் கட்டிகளாக வார்த்துக்கொள்வது வழக்கம். பிறகு ஆய்வகத்தில் அந்தக் கட்டியை நசுக்கிப் பார்ப்பார்கள். கட்டி எவ்வளவு தாங்குகிறதோ அதுதான் கட்டடத்தின் பலம் என்று வைத்துக்கொள்வோம். இதனால் சில புத்திசாலிகள் கட்டடத்துக்கு ஒரு கலவையும் கட்டிக்கு ஒரு கலவையும் போடுவார்கள். நாங்கள் போனபோது கட்டிகளை ஏற்கெனவே வார்த்து, ஈரச்சாக்கு போர்த்தி, பிறந்த குழந்தைகளைப் போல வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். சார் சாக்கை விலக்கிப் பார்த்தார். "அழகா இருக்கு," என்றார். பிறகு சாரத்தில் ஏறி, அப்போதுதான் தூணுக்குள் கொட்டப் போன சட்டியை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார். "இத அச்சுல போடுங்க. அந்தப் பிள்ளைகள நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய் வளத்துக்கிடுங்க," என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாகல் நகரில் எங்கள் வீடு. கீழ்வீட்டில் என் கணவரின் அண்ணன் சேவியர் அத்தானும் ரோசக்காவும், மாடியில் நாங்கள். என் கணவர் அருள், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அத்தான் கட்டட ஒப்பந்தக்காரர். அதுவரை தனியார் வீடுகளும் கல்யாண மண்டபங்களும் கட்டிக்கொண்டிருந்தவர். நல்ல மனுசன். ஊரில் ஒரு துக்க வீடு விடாமல் முதல் ஆளாய்ப் போய் நிற்பார், தெரியாதவர் வீடாக இருந்தாலும் பந்தல் கம்பைப் பிடிப்பார். அப்படிப்பட்டவருக்கு ஊரில் எத்தனை பேர் வேண்டியவர்களாக இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்குத்தான் பின்னால் எங்களைப் படுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கீழ்வீட்டில் எல்லோரும் ஆட்டுக்கறிக் குழம்போடு உட்கார்ந்திருந்தோம். அத்தான் இலையில் கை வைக்காமல் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிலோமி, இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே ஆபீசு."

"என்னத்தான் சொல்றீக?"

"அகரத்துக்குப் பக்கத்துல மேல்நிலைத் தொட்டி ஒண்ணுக்கு டெண்டர் வந்துச்சுல்ல. எனக்குத்தான் விழுந்திருக்கு. உன் பிரிவுலதான வருது அந்த ஊரு? நம்ம வீட்டுத் தொட்டி மாதிரி நெனச்சுப் பாத்துக்க."

ரோசக்கா எனக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வைத்தார். என் கணவர் குழம்புக்குள் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்தே இருந்தார். கணக்கு வாத்தியாருக்கு விடை தெரிந்துவிட்டது, சொல்லத்தான் பயம்.

மறுநாள் காலை முதல் வேலையாக சாரின் அறைக்குப் போனேன். தொட்டி வேலை எடுத்திருப்பவர் என் கணவரின் அண்ணன், ஒரே வீட்டில் இருக்கிறோம், அந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தேன். வாங்கிப் படித்தார்.

"நல்ல காரியம். வேற ஆளப் போட்டுருவோம். செல்வராஜ் பாக்கட்டும்."

"செல்வராஜ் சார் மகளோட ஞானஸ்நானத்துல ஞானத் தகப்பனா நின்னது எங்க அத்தான்தான் சார்."

"சரி, காஜா மைதீன்?"

"ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு சார். இன்னைக்கு வரைக்கும் பெருநாள் பிரியாணி முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும்."

சார் சுத்தியலை எடுத்து மேசைமேல் இப்படியும் அப்படியும் உருட்டினார். "இந்தத் திண்டுக்கல்லுல உங்க அத்தானுக்கு ஆகாதவன் ஒருத்தன்கூடவா இல்ல?"

"நம்ம டிராயிங் பிரிவுல ஒருத்தர் இருக்காரு சார். எடத் தகராறு. அவரப் போட்டா விடவே மாட்டாரு."

"அது இதவிட மோசம். பகையும் ஒரு சொந்தம்தான். வேண்டாம்." கொஞ்சம் யோசித்தார். "பழனிப் பக்கமிருந்து ஒரு ஆளத் தினப்படிக்கு வரச் சொல்லுதேன். கடைசிச் சோதனைய நானே செஞ்சுக்கிடுதேன். எனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எழுதிக் கொடுப்பது என்று இறங்கிய பிறகு பாதியை மறைப்பது முறையா? அதோடு, உண்மையைச் சொல்கிறேன், அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

"சார், நீங்க குடியிருக்கிற வீடு..."

"அந்தோணிசாமி வாத்தியார் வீடு. தங்கமான மனுசன். அதுக்கென்ன?"

"அவரு மகதான் சார் எங்க ரோசக்கா. அத்தானோட சம்சாரம்."

சார் வழக்கம் போல பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பியை ஊற்றினார். வாய்வரை கொண்டு போனவர் நிறுத்தி, மூடிக்குள் பார்த்தார்.

"அப்ப இது அந்தக் கெணத்துத் தண்ணிதான?" என்றார்.

தளத்துக்குத் தளம் இளநீரை வேண்டாமென்றவர், வந்த நாள் முதல் ஒப்பந்தக்காரருடைய மாமனாரின் கிணற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். அன்றைக்கு அந்தக் காப்பியைக் குடித்தார். கொட்டினால் மட்டும் என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்த வாரமே வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

திண்டுக்கல்லில் நல்ல தண்ணீர் உள்ள வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தோணிசாமி வாத்தியார் வீட்டுக் கிணறு கோடையிலும் வற்றாது, உப்பும் கிடையாது. அதை விட்டுவிட்டு சார் போன வீட்டுக்கு டேங்கர் லாரிதான் தண்ணீர் கொண்டுவரும், அதுவும் அது நினைத்த நேரத்தில். சாரின் மனைவியை ஒரு நாள் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஊருக்குத் தண்ணி குடுக்கணும்னு எங்க வீட்டுத் தண்ணியப் பிடுங்கிட்டாருல்லா உங்க சாரு. நீதான் போய்ச் சொன்னியாமே. நல்லா இரு." கடைசி இரண்டு வார்த்தை வாழ்த்துத்தானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அத்தானுக்கும் மனத்தாங்கல். "வாடகைக்குக் குடியிருந்தாக்கூடச் சொந்தமா? எங்க மாமா என்ன பாவம் பண்ணுனாரு?" என்று கேட்டார். ஆனாலும் வேலையைத் தொடங்கினார். அலுவலகத்தில் அந்தத் தொட்டியின் கோப்பு என் மேசைப் பக்கம் வரக் கூடாது என்று சார் உத்தரவு. எங்கள் அலுவலக உதவியாளர் அதைத் தூக்கிக்கொண்டு வராந்தா வழியாகச் சுற்றிப் போவார். மழை நாளில் நனைந்துகொண்டே போவார். ஏதோ தொற்று வியாதிக்காரியைக் கடப்பது போல இருக்கும் எனக்கு.

கீழ்வீட்டில் வேறு விதமான சோதனை. வாரம் தவறாமல் கறிக்குழம்பு மாடிக்கு ஏறி வந்தது. அத்தான் வேலையைப் பற்றி ஏதாவது தொடங்கினால் நான், "ரோசக்கா, இன்னைக்கு வெஞ்சனம் பிரமாதம்," என்பேன். ரோசக்கா பூரித்துப்போவார். அப்படியே பேச்சு மசாலா பக்கம் திரும்பிவிடும். தொட்டி வளர வளர ரோசக்காவின் சமையல் புகழும் வளர்ந்தது.

ஒரு நாள் மட்டும் அது பலிக்கவில்லை. அத்தான் வாசல்படியில் என்னை நிறுத்தி, "பிலோமி, ஒரு பொது அறிவுக்குக் கேக்குறேன். தொட்டிச் செவுத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கிட்டு இருக்கயில மிசினு நின்னு போச்சு, மறுநாள் அது மேலேயே தொடர்ந்து போட்டாச்சுன்னு வையி. என்ன ஆகும்?" என்றார்.

இது பொது அறிவு இல்லை, தொட்டியில் நடந்தது என்று புரிந்துவிட்டது. காய்ந்த கான்கிரீட்டைக் கொத்திக் கரடாக்கி, கழுவி, சிமென்ட் பால் ஊற்றி, பிறகுதான் மேலே போட வேண்டும். இல்லையென்றால் பழசும் புதுசும் ஒட்டாது. அந்த இடுக்கில் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும்.

"அத சார்கிட்டக் கேளுங்கத்தான். இப்பவே போன் போடுங்க. அவரு சந்தோசமாச் சொல்லுவாரு," என்றேன்.

"சும்மா பொது அறிவுக்குத்தான்த்தா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. காலையில் சாரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சரி. சோதனைய இன்னும் கவனமாப் பாக்கேன். ஆனா நீ சொன்னதுக்காக நான் இடிக்க மாட்டேன். நீ சொன்னதுக்காக விடவும் மாட்டேன். தண்ணி நிரப்பி வைப்போம். அதுக்கு யாரும் சொந்தக்காரங்க கிடையாது," என்றார்.

தொட்டிச் சோதனை சுலபமானது, அதனாலேயே ஏமாற்றக் கடினமானது. தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். சுவர் குடிக்கிற தண்ணீரைக் குடிக்கட்டும் என்று ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். அதன் பிறகு இன்னொரு வாரம் வெளிச்சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கும் ஈரம் கசியக் கூடாது. இதெல்லாம் முடியும்வரை வெளியே பூச்சும் கூடாது, வெள்ளையும் கூடாது.

கடைசி நாளன்று அத்தான் ஒரு வேன் பிடித்தார். "தொட்டிய சார் பாஸ் பண்ணப் போறாரு. குடும்பத்தோட வந்து பாருங்க," என்று எல்லோரையும் ஏற்றினார். நான் வரவில்லை என்றேன். "ஆபீசரா வராத. எங்க வீட்டுப் பொண்ணா வா," என்றார் ரோசக்கா. அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலை கட்டி, வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன்.

தொட்டி ஊருக்கு நடுவில், அங்கன்வாடிக் கட்டடத்தை ஒட்டி எழும்பியிருந்தது. சுற்றிலும் சனங்கள். பூப்பறித்த கையோடு வந்த பெண்கள் காலிக் குடங்களை வரிசையில் வைத்திருந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். சுவர் முழுக்கக் கான்கிரீட்டின் சாம்பல் நிறத்தில் இருந்தது. அடிப்பக்கம் மட்டும், தளமும் சுவரும் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சுற்றி வர ஒரு பட்டை புதுச் சிமென்ட் பூச்சு. இடுப்பில் ஒட்டியாணம் கட்டியது போல.

சாரின் ஜீப் வந்தது. இறங்கினார். என்னைப் பார்த்தார், என் பட்டுச்சேலையைப் பார்த்தார், யாரோ ஒரு பெண்மணி என்பது போலத் தாண்டிப் போனார். தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அண்ணாந்து நின்றார்.

"அழகா இருக்கு சேவியர்," என்றார். "ரொம்ப அழகா இருக்கு."

அத்தானுக்கு இதுதான் எங்கள் கோட்டத்தில் முதல் வேலை. முகமெல்லாம் பல்லாக என் பக்கம் திரும்பினார். "கேட்டியா பிலோமி? ரொம்ப அழகா இருக்குன்னுட்டாரு." ரோசக்கா சிலுவை போட்டுக்கொண்டார். என் கணவர் மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, "நெசமாவா?" என்று கேட்டார். நான் சேலை முந்தானையைச் சரி செய்தேன்.

சார் ஏணியில் ஏறினார். சாவிக்கொத்தை எடுத்து அந்தப் பட்டையைச் சுரண்டினார். பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். இறங்கி வந்து அத்தானிடம் கையை விரித்துக் காட்டினார். ஈரம்.

"அது வேர்வை சார்," என்றார் அத்தான் உடனே. "உள்ள குளுந்த தண்ணி, வெளிய வெயிலு. தொட்டிக்கு வேர்க்குது."

"அடிப்பக்கம் மட்டும் வேர்க்குமா வே?" என்று கேட்டார் சார். "சரி, வேர்க்கட்டும். தொடச்சு விடச் சொல்லும். திரும்ப வேர்க்குதான்னு உக்காந்து பாப்போம்."

சுரண்டிய இடத்தைத் துணியால் துடைத்துக் காய்ந்த சுண்ணாம்புத் தூளைத் தடவினார்கள். சார் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரே உட்கார்ந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஓட்டுக் கூரையில் காக்கா நடக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைத் தூளில் முதலில் ஒரு சாம்பல் புள்ளி. அப்புறம் அது பக்கவாட்டில் நீண்டது. பிறகு ஒரு சொட்டு, அவசரமே இல்லாமல், அங்கன்வாடியின் ஓட்டில் விழுந்தது.

குடத்து வரிசையில் முதலாவதாக இருந்த பாப்பாத்தி என்ற பெண் எழுந்து வந்தாள். வார்டு உறுப்பினராம். "அய்யா, ஒரு சொட்டுத்தான. ஒழுகுனா ஒழுகட்டும், அதுக்குக் கீழயும் ஒரு குடத்த வச்சுப் பிடிச்சுக்கிறோம். தெறந்து விடுங்க. அகரத்து ரோடு வரைக்கும் நடந்து தண்ணி எடுத்துச் செத்துட்டோம்."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அத்தான் தெம்பானார். அந்த நேரத்தில் சார் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அதுதான் அந்த நாளின் கஷ்டம். தப்பான காரியத்தைச் செய்யச் சொல்லி நல்லவர்கள் கெஞ்சினார்கள்.

சார் எழுந்து நின்று பேசினார். "இன்னைக்கு ஒழுகுறது தண்ணிதாம்மா. அந்த வழியாக் காத்தும் ஈரமும் உள்ள இருக்கிற கம்பிக்குப் போகும். கம்பி துருப்பிடிச்சு உப்பும். உப்புனா கான்கிரீட்டு பாளம் பாளமாப் பேந்து விழும். இன்னைக்கு விழாது, நாளைக்கு விழாது. எனக்கு அப்ப மாறுதல் ஆகியிருக்கும். கீழ என்ன கட்டடம் இருக்குன்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

பாப்பாத்தி அங்கன்வாடியைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பிள்ளைகள் ஏதோ பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அத்தானிடம் போனாள். "யோவ் கான்ட்ராக்டரு, என் பேத்தி அங்கனதான்யா இருக்கா."

அத்தானுக்கு வேர்த்தது, அது நிஜ வேர்வை. சுற்றிப் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன்.

"நீ சொல்லு பிலோமி. நீயும் இன்ஜினியருதான. இது வெறும் வேர்வைதான? சொல்லுத்தா."

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. ரோசக்கா என் கையைப் பிடித்திருந்தார். இறுக்கமாகப் பிடித்திருந்தார். நாங்கள் இருப்பது அவர்கள் வீட்டு மாடி. சாரைப் போல வேறு வீடு பார்த்து மாறிப்போக எனக்கு முடியாது. புகுந்த வீட்டுக்கு வேறு தெரு கிடையாது.

"நான் இங்க இன்ஜினியரா வரலத்தான்," என்றேன். "அந்த வேலையில எனக்கு வாயே கெடையாது. உங்க தம்பி சம்சாரமா வந்திருக்கேன். அதனால வீட்டு ஆளாச் சொல்றேன். தண்ணிய இறக்கிருங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சாரு பேரயா சொல்லுவாக? நம்ம வீட்டுப் பேரத்தான் சொல்லுவாக."

 என் கணவர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, பிலோமி சொல்றது சரிண்ணே," என்றார். அண்ணனிடம் அவர் அப்படிச் சொல்லி அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

சார் குறுக்கிட்டார். "அந்தம்மா சொன்னது எதையும் நான் காதுல வாங்கல. அவங்க ஒப்பந்தக்காரர் வீட்டு ஆளு. எனக்கு ஈரம் மட்டும் போதும்." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தண்ணீரை இறக்கினார்கள். பாப்பாத்தி சொல்லி, இறக்கிய தண்ணீரைப் பெண்கள் ஒரு குடம் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.  மதியத்துக்கென்று ஆக்கிய பிரியாணி அண்டா மூடியபடியே எங்களோடு நாகல் நகர் வந்து சேர்ந்தது.

அத்தான் உட்சுவரைச் சுற்றிக் கொத்தி, இணைப்பைத் திறந்து, மறுபடி அடைத்துப் பூசினார். கைநஷ்டம்தான். ஆனால் அதில் ஒரு குறை வைக்கவில்லை. வெயிலில் தொட்டிக்குள் இறங்கித் தானே நின்றார் என்று பிறகு தெரிந்தது. அந்த நாட்களில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிக்குக் குழம்பு வருவது நின்றது. எனக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டுமென்றால் வாசலில் நிற்கும் தன் ஸ்கூட்டரிடம் சொல்வார். "மோட்டாரு போட்டா நிறுத்தணும்னு சில பேருக்குத் தெரிய மாட்டேங்குது," என்பார் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே. நான் மாடியிலிருந்து என் கொடித் துணிகளிடம், "நிறுத்தியாச்சு," என்பேன்.

இரண்டாவது சோதனையில் சார் ஏணியில் ஏறினார், தடவினார், இறங்கினார், ஒன்றுமே சொல்லாமல் ஜீப்பில் ஏறிவிட்டாராம். அத்தான் பதறிப்போய் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். "ஒண்ணுமே சொல்லலைங்களே" என்றதற்கு, போனை எடுத்த காஜா மைதீன், "அப்ப பாஸ்ரா மாப்ள," என்று சொல்லியிருக்கிறார். தொட்டி திறந்த அன்று மாடிக்குக் குழம்பு வந்தது. அத்தானே கொண்டுவந்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அத்தான் ஒப்பந்தக்காரர் அல்லவா, வீணாகப்போன எதையும் உபயோகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அடுத்த மாதத்திலிருந்து போகிற இடமெல்லாம், "எங்க வேலைய எங்க தம்பி சம்சாரமே விடல, தெரியும்ல? அம்புட்டுச் சுத்தம்," என்று சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். வேலைகள் குவிந்தன. எங்கள் அலுவலகத்திலும் டெண்டருக்கு டெண்டர் போட்டார். அவர் ஒரு வேலை எடுக்கும்போதெல்லாம் நான் எழுதிக் கொடுப்பேன், கோப்பு வராந்தா வழியாகப் போகும். கடைசியில் என் பிரிவில் என் மேசைக்கு வரக்கூடிய கோப்பே இல்லை என்ற நிலை வந்தது. சார் என்னைத் தொப்பம்பட்டிப் பக்கம் மாற்றினார். அங்கே முதல் நாளே ஒரு ஒப்பந்தக்காரர் கும்பிட்டார். "ஏனுங்க மேடம், சொந்தக்காரங்க வேலையவே திருப்பி விட்டவங்க நீங்கதானுங்களா? எங்களுக்கும் உங்களுக்கும் ஒரு சொந்தமும் இல்லீங்க. அதச் சொல்லிக்கிறனுங்க," என்றார். அவர் பயப்படுகிறாரா, நிம்மதி அடைகிறாரா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. பயம்தான்.

சில வருடங்களுக்குப் பிறகு திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்து, இங்கேயே ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், சால்வையும் சந்தன மாலையுமாக அலுவலக வாசலுக்கு வந்தேன். அத்தானின் கார் நின்றுகொண்டிருந்தது. விழாவுக்கு வர வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். அவருடைய டெண்டர் ஒன்று அப்போது பரிசீலனையில் இருந்தது. அவர் உள்ளே வராமல் வாசலிலேயே காத்திருந்திருக்கிறார். இத்தனை வருடமும் ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பியும், அவர் வண்டியில் நான் அலுவலகம் போனதோ வந்ததோ இல்லை.

முன்கதவைத் திறந்துவிட்டார். "ஏறு பிலோமி. இப்ப ஏறலாம்ல?"

ஏறினேன். ஏசி போட்டார். பேருந்து நிலையம் தாண்டும்வரை நல்லபடியாகத்தான் போனது.

"நாளைக்குத் தாடிக்கொம்பு ரோட்டுல ஒரு மேல்தளம் போடுறோம்," என்றார். "நீ இப்ப சும்மாத்தான இருக்க. வந்து ஒரு பார்வ பாத்தேன்னா..."

"அத்தான், வண்டிய ஓரமா நிறுத்துங்க. நான் ஆட்டோவுல போய்க்கிறேன். அந்த டெண்டர் இன்னும் முடியல."

"சரி சரி, உக்காரு. வேலையப் பத்திப் பேசல." கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். அவரால் முடியவில்லை. "அப்ப என்னதான்த்தா பேசுறது?"

"மழை வர்ற மாதிரி இருக்குல்ல, அதப் பேசுங்க."

அத்தான் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். முகம் சட்டென்று மாறியது.

"மழையா?" என்றார். "நாளைக்குக் கான்கிரீட்டு போடுறேனே பிலோமி."

நாகல் நகர் வரும்வரை நான் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சிரித்துக்கொண்டே வந்தேன்.